வருகைக்காகக் கட்டிய வீடுகள்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் முதலில் வியப்பது அந்த ஊரின் அமைதியை. நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும் தெருக்கள், எப்போதாவது ஒரு சைக்கிள். முகப்பின் உச்சியில் சுதைச் சிற்பமாகக் கஜலட்சுமி. சில வீடுகளில் அவளுக்குக் காவலாக வெள்ளைக்காரச் சிப்பாய்களும் நிற்கிறார்கள். வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில் இருக்கிறது, பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கிறது. இடைப்பட்ட சந்தில் நடந்தால் ஒரே வீட்டின் சுவர் முடிவில்லாமல் கூடவே வருகிறது. வந்தவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு அழகான ஊர் என்கிறார்கள்.

அழகான ஊர்தான். ஆனால் இந்த அமைதி அதன் பிறவிக் குணம் அல்ல. கல்யாணம் என்றால் ஊரே பந்தியில் உட்காரும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய வீடுகள் இவை. அந்தக் கூட்டம் கலைந்து போனதால்தான் நாம் ரசிக்கும் அமைதி வந்தது. இங்கே நம் கண்ணுக்கு இதமாகத் தெரிவது பிறருடைய இன்மை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் செட்டிநாட்டைப் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

கடந்த கால் நூற்றாண்டில் இந்த வீடுகளில் சில விடுதிகளாகியிருக்கின்றன. பூட்டிக் ஹோட்டல், பாரம்பரிய விடுதி என்றெல்லாம் அழைக்கப்படும் வகை. அறைகள் குறைவு, ஓர் அறையைப் போல் இன்னோர் அறை இருக்காது, சாப்பாடு வீட்டுப் பக்குவத்தில் இருக்கும். இவற்றைப் பற்றி இரண்டு விதமான பேச்சைக் கேட்டிருக்கிறேன். மரபைக் காப்பாற்றிவிட்டார்கள் என்பது ஒன்று. பாட்டன் வீட்டைக் கடைச்சரக்காக்கிவிட்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதிதான் உண்மை. வீட்டின் அமைப்பை ஊன்றிப் பார்த்தால் மீதிப் பாதி தெரிகிறது.

செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் முகப்பு. வந்தவர்களை உட்காரவைத்துப் பேசுவதும் கணக்கு வழக்குப் பார்ப்பதும் அங்கே. அதைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், நான்கு புறமும் தூண்கள் தாங்கும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். அதற்குப் பின்னால் பந்தி நடக்கும் இரண்டாங்கட்டு, பிறகு அடுப்படி, கிணறு, பின்வாசல். இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் எனும் செட்டியார் சமூகத்தின் வழக்கில் கல்யாணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி. மகனுக்குக் கல்யாணமானதும் சில காலத்தில் அவனையும் மருமகளையும் ‘வேறு வைத்து’விடுவார்கள். அதே கூரையின் கீழ் தனி அடுப்பு, தனிக் கணக்கு. வளவைச் சுற்றியுள்ள அறைகள் புள்ளிகளுக்குரியவை. ஒரு வீட்டுக்குள் பல குடும்பங்கள் சேர்ந்தும் இருக்கலாம், தனித்தும் இருக்கலாம்.

இந்த வரைபடத்தை இன்றைய விடுதியின் வரைபடத்தோடு ஒப்பிட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நடுவில் பொது இடம், சுற்றிலும் தனித்தனி அறைகள், வாசலில் வரவேற்பு, பின்னால் பெரிய சமையலறை. வங்கியாகவோ பள்ளிக்கூடமாகவோ மாற்ற வேண்டுமென்றால் இடிக்க வேண்டிவரும் சுவர்களை, விடுதியாக்கும்போது அப்படியே விட்டுவிடலாம்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. இந்த வீடுகளைக் கட்டிய ஆண்கள் இங்கே அதிக நாள் வாழவில்லை. பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் என்று ‘கொண்டுவிற்க’, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போனவர்கள். அங்கிருந்த வட்டிக் கடைக்கு ஆள் போனால் மூன்று ஆண்டுத் தவணை. பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாக வளர்ந்து, தவணை முடிந்து ஊர் திரும்பி, சில மாதம் இருந்துவிட்டு மறுபடி கப்பலேறுவார்கள். இடைப்பட்ட காலமெல்லாம் வீட்டை ஆண்டவர்கள் வீட்டுப் பெண்களான ஆச்சிமார். நெல் வாங்கியது, வட்டிக் கணக்குப் பார்த்தது, மகளுக்குச் சீர் சேர்த்தது எல்லாம் அவர்கள். வீடு எப்போதும் யாரோ ஒருவரின் வருகைக்காகக் காத்திருந்தது. அந்த வருகையைக் கொண்டாடுவதற்குத்தான் அத்தனை பெரிய முகப்பு, அத்தனை நீளமான பந்திக்கட்டு.

தமிழில் பயண எழுத்தை ஒரு துறையாக வளர்த்தவர்களில் இருவர் இந்த மண்ணைச் சேர்ந்தவர்கள். கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார் (1911–1983) காந்தி பற்றிய ஆவணப்படத்துக்காக உலகெங்கும் அலைந்து படச்சுருள் சேகரித்தவர். 1940இல் அந்தப் படம் வெளிவந்தது. நெற்குப்பையில் பிறந்த சோமலெ நாடு நாடாகவும் மாவட்டம் மாவட்டமாகவும் போய் எழுதியவர். போவதே வாழ்க்கையாக இருந்த ஊர்களிலிருந்து இத்தகைய எழுத்து பிறந்ததில் வியப்பில்லை. இன்று பயணம் திசை மாறியிருக்கிறது. போனவர்களின் ஊருக்கு உலகம் வருகிறது.

ஆகவே இந்த வீடுகள் விடுதியாவதில் எனக்கு வருத்தமில்லை. விருந்தினரை எதிர்பார்த்துக் கட்டிய வீட்டில் விருந்தினர் தங்குவது வீட்டுக்கு அந்நியமான காரியம் அல்ல. நூலகமோ அருங்காட்சியகமோ ஆனால்கூட இவ்வளவு இயல்பாக இருக்காது. அருங்காட்சியகத்தில் அடுப்பு எரிவதில்லை.

*

தங்கிப் பார்த்தால் ஒன்று புரியும். விடுதியில் நமக்குத் தருவது அறைச் சாவி. ஆனால் இந்த வீட்டின் உயிர் அறையில் இல்லை. அந்தக் காலத்தில் வளவு அறைகள் பெரும்பாலும் சாமான் வைக்கவும் சாமி கும்பிடவும் புதுமணத் தம்பதிக்குத் தனிமை தரவும்தான் பயன்பட்டன. இருட்டான, இறுக்கமான அறைகள். மற்ற நேரமெல்லாம் வாழ்க்கை தாழ்வாரத்திலும் முகப்பிலும் நடந்தது. தூங்கியதும் பெரும்பாலும் அங்கேதான். விடுதியாக்கியபோது அறைக்குக் குளியலறை சேர்த்தார்கள், ஜன்னலைப் பெரிதாக்கினார்கள், குளிர்சாதனம் வைத்தார்கள். அது தேவைதான். ஆனால் அதனால் வீட்டின் அளவுகோல் தலைகீழாகிறது. அறை முக்கியமாகிவிடுகிறது, தாழ்வாரம் அறைக்குப் போகும் வழியாகச் சுருங்குகிறது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டால் வீடு வெளியே நின்றுவிடும்.

செட்டிநாட்டில் தங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அறையில் தூங்குங்கள், மற்ற நேரமெல்லாம் வளவில் இருங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் போங்கள்.

மழை பெய்யும்போது வளவைப் பார்க்க வேண்டும். நான்கு பக்கக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிந்திருப்பதால் வீட்டின் மேல் விழும் மழை நடுவில் வந்து இறங்குகிறது. நாட்டு ஓட்டின் விளிம்பிலிருந்து முதலில் சொட்டு, பிறகு நூல், பிறகு நாற்புறமும் நீர்த்திரை. கூரைகள் சந்திக்கும் மூலைகளில் நீர் திரண்டு கொட்டும். அதன் கீழ் அண்டா வைத்து நீரைப் பிடிப்பது பழைய வழக்கம். மிஞ்சியது முற்றத்தின் கல்தளத்தில் உள்ள துளை வழியாகத் தரைக்கடியில் ஓடி, தெரு வாய்க்காலில் சேர்ந்து, ஊருணிக்குப் போகும். சிவகங்கைச் சீமை மழை குறைந்த மண். அந்த மண்ணில் ஒவ்வொரு வீடும் ஊருணிக்கு நீர் அனுப்பும்படி தெருவையும் கூரையையும் ஒன்றாகத் திட்டமிட்டிருக்கிறார்கள். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்களின் தொகுதி இடம்பெற்றபோது கவனம் பெற்றவற்றில் இந்த நீர் அமைப்பும் ஒன்று. ஒரு வீட்டை மட்டும் அழகாக மீட்டெடுத்துவிட்டு, அதன் நீர் போய்ச் சேரும் வாய்க்காலை அடைபட விட்டால் மீட்டது முக்கால் வீடு மட்டுமே.

வீடுகளின் குணம் வேறு வேறு. காரைக்குடியில் உள்ள ‘பங்களா’ ஒருகாலத்தில் ஒரு குடும்பத்தின் ஆண்கள் கூடிப் பேசிப் பொழுதுபோக்கும் இடமாக இருந்தது. 1999இல் அந்தக் குடும்பமே அதை விருந்தினர்களுக்குத் திறந்தது. அகலத் தாழ்வாரம், சாய்வு நாற்காலி, மதியம் வாழை இலையில் சாப்பாடு. ஊரைத் தேடி வெளிநாட்டார் வரத் தொடங்கியதில் இந்த விடுதிக்குப் பெரும் பங்குண்டு. கானாடுகாத்தானில் உள்ள ‘விசாலம்’ 1930களின் வீடு. தகப்பனார் மகளுக்காகக் கட்டியது, அவள் பெயரையே தாங்கி நிற்கிறது. பழைய வீடுகளின் தேக்குத் தூண் நெருக்கம் இதில் இல்லை. அந்தக் காலத்து ஆர்ட் டெகோ பாணியின் வளைவுகளும் நேர்கோடுகளும் இருக்கின்றன. கொத்தமங்கலத்து ‘சாரதா விலாஸ்’ வீட்டை மீட்டவர்கள் இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள். கடியாபட்டியில் ‘சிதம்பர விலாஸ்’. ஒவ்வொன்றிலும் ஒரு தலைமுறையின் ஆசை வேறு விதமாகத் தெரிகிறது. பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலிப் பளிங்கு, ஜப்பான் ஓடு, பர்மாத் தேக்கு என்று பட்டியல் போட்டுச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. பட்டியலைவிட, இவற்றையெல்லாம் ஒரே வளவில் பொருந்தவைத்த உள்ளூர்க் கொத்தனாரின் கண் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சாப்பாட்டிலும் அந்தக் கடல்வழி தெரிகிறது. கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்து இங்கே கல்யாண விருந்தின் இனிப்பானது. கருப்பும் செம்மையும் கலந்த அந்த அரிசியை ஊறவைத்து வேகவைத்துச் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் சேர்க்கிறார்கள். காலையில் வெள்ளைப் பணியாரத்துக்குக் காரச் சட்னி, மாலையில் கந்தரப்பம். உணவு விடுதிகளின் பெயர்ப் பலகையில் ‘செட்டிநாடு’ என்றால் மிளகாய்க் காரம் என்று ஆகிவிட்டது. இங்கே உட்கார்ந்து சாப்பிட்டால் தெரியும், மிளகும் சோம்பும் கல்பாசியும் அளவோடு பேசும் சமையல் இது.

*

தேக்குத் தூணைத் தொட்டுப் பார்ப்பவர்களிடம் அது எங்கிருந்து வந்தது என்று விடுதி ஊழியர் சொல்வார். எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை கிடைத்தது. ஐராவதி டெல்டாவில் காட்டைத் திருத்தி வயலாக்கிய பர்மிய விவசாயிக்கு முதல் தேவைப்பட்டது. ஆங்கிலேய வங்கிகள் அவனுக்குக் கடன் தரவில்லை. செட்டியார் கடைகள் தந்தன. உலகின் மிகப் பெரிய அரிசி ஏற்றுமதி நாடாகப் பர்மா வளர்ந்ததில் அந்தக் கடனுக்குப் பெரும் பங்குண்டு. பிறகு 1930களின் பொருளாதார மந்தம். நெல் விலை விழுந்தது, கடனைத் திருப்ப முடியவில்லை, நிலம் கைமாறியது. 1930இல் முக்கிய நெல் மாவட்டங்களின் விளைநிலத்தில் 6 விழுக்காடு செட்டியார்களிடம் இருந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் அது ஏறக்குறைய 25 விழுக்காடு ஆனது. நிலத்தை ஆள வேண்டும் என்று போனவர்கள் அல்ல அவர்கள். வட்டிக்குக் கொடுத்த பணம் மண்ணாகத் திரும்பி வந்தது. ஆனால் நிலத்தை இழந்த விவசாயிக்கு அந்த வேறுபாட்டால் என்ன பயன்? 1942இல் ஜப்பானியப் படை வந்தது. கால்நடையாகவும் கப்பலிலும் இந்தியர்கள் ஓடிவந்தார்கள். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கத் தொடங்கியது. 1960களில் தொழில்களும் போயின.

வளவில் நிற்கும் தூணுக்குள் இவ்வளவும் இருக்கிறது: ஒரு சமூகத்தின் துணிவும் நாணயமும், ஆச்சிமாரின் காத்திருப்பும், ஐராவதிக் கரையில் நிலம் இழந்தவனின் துயரமும். வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் முதலிரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மூன்றாவதையும் சேர்த்துச் சொன்னால் விருந்தினர் முகம் சுளிக்கமாட்டார்கள். தூணின் கனம் கூடும், அவ்வளவுதான்.

பர்மா வாசல் அடைபட்டதும் பெரிய வீடு கட்டுவதும் நின்றது. அடுத்த தலைமுறை சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் படிப்பையும் தொழிலையும் தேடிப் போனது. ஒருகாலத்தில் 96 ஊர்கள் இருந்தன என்று மரபு சொல்கிறது. இன்று எண்பதுக்கும் குறைவு. அவற்றில் பல்லாயிரம் வீடுகள். விடுதியானவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. மற்றவை பூட்டிக் கிடக்கின்றன.

*

பள்ளத்தூரில் அப்படியொரு வீட்டு வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கதவிலிருந்து ஓர் அம்மா வந்து, “யாரப் பாக்கணும்?” என்றார். வீட்டைப் பார்க்கத்தான் வந்தேன் என்றேன். இடுப்பில் சாவிக்கொத்து.

“வீட்டுல இப்ப யாருமில்ல. ஆறு பங்காளிக. மெட்ராசு, கோயமுத்தூரு, சிங்கப்பூருன்னு இருக்காக. படைப்புக்கு வருவாக. அப்ப வாங்க, வீடு கொள்ளாது.”

“அதுவரைக்கும்?”

“நான் கூட்டிப் பெருக்கி வெளக்கு வைக்கிறேன்ல. சும்மா கெடக்குன்னு நெனச்சுக்கிறாதீக.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சற்று அழுத்தித்தான் சொன்னார். படைப்பு என்பது மூதாதையருக்கு அந்தந்த வீட்டிலேயே சோறும் துணியும் படைத்துக் கும்பிடும் சடங்கு. பங்காளிகள் எல்லோரும் கூட வேண்டும். கல்யாணத்துக்கும் அப்படித்தான், எந்த ஊரில் வாழ்ந்தாலும் பூர்வீக வீட்டில் சடங்கு நடத்த விரும்பும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. ஆண்டில் பெரும்பாலான நாள் பூட்டிக் கிடந்து, சில நாள் மட்டும் திறக்கும் வீட்டை நாம் கைவிடப்பட்ட வீடு என்கிறோம். அந்த அம்மாவின் கணக்கில் அது காத்திருக்கும் வீடு.

பங்காளிகள் பெருகியதில் இன்னொரு விளைவும் உண்டு. மூன்று தலைமுறையில் ஒரு வீட்டுக்கு இருபது முப்பது உரிமைக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். ஓடு மாற்ற வேண்டும் என்றால் யார் எவ்வளவு போடுவது என்பதில் இழுபறி. ஓர் ஓடு நகர்ந்தால் போதும், மழைநீர் இறங்கி உத்தரத்தில் கரையான் ஏறும். பல வீடுகள் இப்படித்தான் சரிந்தன. ஆனால் விற்க வேண்டும் என்றாலும் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மறுத்தால் வீடு தப்பித்தது. பிரிக்க முடியாத பங்குதான் சில வீடுகளைக் கொன்றது, பல வீடுகளைக் காத்தது.

எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்ட வீடு எங்கே போகிறது என்று பார்க்கக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போக வேண்டும். இரு மருங்கும் பழம்பொருள் கடைகள். வாசலில் கதவு நிலைகள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே எனாமல் தூக்குகள், ஊறுகாய் ஜாடிகள், ரவி வர்மா அச்சுப் படங்கள், பித்தளைப் பூட்டுகள், பல்லாங்குழிகள். ஒரு கடையின் பின்கட்டில் குடும்பப் புகைப்படங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றைக் கையில் எடுத்தேன். நடுவில் நாற்காலியில் ஒரு பெரியவர், தோளில் அங்கவஸ்திரம். பக்கத்தில் வைரத்தோடு போட்ட ஆச்சி. காலடியில் தொப்பி வைத்த இரண்டு பையன்கள், ஒருவன் அசைந்ததால் முகம் கலங்கியிருக்கிறது. கீழே ஸ்டூடியோவின் முத்திரை இருக்கிறது. பெயர் எதுவும் இல்லை. கடைக்காரர் சொன்ன விலை தேக்குச் சட்டத்துக்கு. படம் வேண்டாமென்றால் எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டுத் தருவதாகச் சொன்னார்.

கடைக்காரர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்கள் வாங்காவிட்டால் பிரித்த வீடுகளின் தூண்கள் அடுப்பில் எரியும். ஆனால் அங்கிருந்து லாரி ஏறும் தூண்கள் எங்கெங்கோ உள்ள கடற்கரை விடுதிகளின் வரவேற்புக் கூடத்தில் நிற்கின்றன. பத்து வீட்டுத் தூண்களை ஒரே கூடத்தில் நிறுத்தி ‘பாரம்பரியச் சூழல்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். அந்தக் கூடத்தில் எந்தத் தூண் எந்த ஊருடையது என்று சொல்ல ஒருவருமில்லை.

இடம் மாறுவதே தவறு என்று நான் சொல்லவரவில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் அவர் மறைவுக்குப் பின், 1994இல் சென்னைக்கு வந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி இங்கேயே ஆய்வு நூலகமாக்க வழிசெய்தது. சேகரிப்பு சிதறவில்லை, சேர்த்தவர் பெயர் அழியவில்லை, ஒவ்வொரு தாளும் பட்டியலில் ஏறியது. கோட்டையூரை விட்டு வந்தாலும் அது கோட்டையூர் மனிதரின் நூலகமாகவே இருக்கிறது. லாரி ஏறும் தூணுக்கு அந்தப் பட்டியல் இல்லை. பெயரோடு போன பொருள் இன்னொரு ஊரில் வாழும்; பெயரை இழந்த பொருள் வெறும் மரமாகிவிடும்.

*

இருக்கும் இடத்திலேயே ஒரு வீட்டை விடுதியாக மீட்பதில் உள்ள பெரிய நன்மை, அது கைகளுக்கு வேலை தருகிறது என்பது. சுவரையே எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்பு, கருப்பட்டி, கடுக்காய் எல்லாம் சேர்த்துப் பல அடுக்காகப் பூசி, கடைசி அடுக்கில் முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது செட்டிநாட்டுப் பூச்சு. நடுப்பகலில் உள்ளங்கையை வைத்தால் சுவர் குளிர்ந்திருக்கும். அந்தப் பக்குவம் ஏட்டில் இல்லை. கொத்தனார் மணிக்கட்டில் இருக்கிறது. ஒரு தலைமுறை வேலையில்லாமல் இருந்தால் தொலைந்துவிடும்.

ஆத்தங்குடிக் கல்லும் அப்படித்தான். பட்டறையில் ஓர் இளைஞர் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். துடைத்த கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம். அதற்குள் பூவடிவத் தகட்டு அச்சு. ஒவ்வொரு பள்ளத்திலும் குழம்பாகக் கரைத்த வண்ணச் சிமெண்டைச் சிறு கரண்டியால் ஊற்றுகிறார்: சிவப்பு, மஞ்சள், பச்சை. கண்ணிமைக்கும் நேரத்தில் அச்சைத் தூக்கினால் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டும் கலக்காமலும் நிற்கின்றன. அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவையை இட்டு அழுத்திச் சமன்செய்கிறார். காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் நாட்கணக்கில் ஊறும். கண்ணாடியைப் பிரித்தால் அதன் வழவழப்பு கல்லில் இறங்கியிருக்கும். சூளை இல்லை, எந்திரம் இல்லை. அந்த ஊர் மணலும் கைவேகமும்தான். கல்லை மேலும் பளபளக்க வைப்பது காலடிகள். மனிதர் நடக்க நடக்கத்தான் ஆத்தங்குடித் தரை மெருகேறும். பூட்டிய வீட்டில் அது மங்கிப்போகிறது.

விடுதிக்கு ஆதரவாக இதைவிட வலுவான வாதம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதே வாதம் விடுதிக்கு ஒரு நிபந்தனையும் விதிக்கிறது. ஆள்நடமாட்டத்தால்தான் வீடு பிழைக்கும் என்றால், யாருடைய நடமாட்டம்?

கானாடுகாத்தானிலோ கொத்தமங்கலத்திலோ பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலர் இந்த வீடுகளுக்குள் போனதே கிடையாது. முன்பு செல்வத்தின் கதவும் சாதியின் கதவும் அவர்களைத் தடுத்தன. இப்போது அறை வாடகை தடுக்கிறது. அவர்களின் தாத்தா சுமந்த உத்தரம், பாட்டி குத்திய நெல், சித்தப்பா பூசிய சுவர். அந்தப் பிள்ளைகள் உள்ளே வந்து மழைநீர் எங்கே இறங்கி எந்த ஊருணிக்குப் போகிறது என்று பார்க்க மாதம் ஒரு நாள் கதவு திறந்தால் விடுதிக்கு எந்த நட்டமும் இல்லை. உரிமைக் குடும்பம் படைப்புக்கு வரும் நாளில் வளவை அவர்களிடம் விட்டுவிட வேண்டும். அன்று அறைக்கு வாடகை பேசக் கூடாது. வீட்டுக் கதையில் கட்டியவரின் பெயரோடு கொத்தனாரும் ஆசாரியும் இருக்க வேண்டும், பர்மாவும் இருக்க வேண்டும்.

எல்லா வீட்டையும் முழு விடுதியாக்க முடியாது, தேவையும் இல்லை. 1976இல் வட இத்தாலியின் ஃப்ரியூலி வட்டாரத்தை நிலநடுக்கம் குலைத்துப் போட்ட பிறகு, சீர்செய்த வெற்று வீடுகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. ஊரில் சிதறியிருக்கும் வீடுகளில் இரண்டிரண்டு அறைகளை எடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே வரவேற்பறையும் ஒரே சமையலும் வைத்து, ஊர் முழுவதையும் ஒரு விடுதியாகக் கருதும் யோசனை அதிலிருந்து வளர்ந்தது. பின்னர் ஜியான்கார்லோ தல்லாரா அதற்கு முறையான வடிவம் கொடுத்தார். இத்தாலியின் பல மலையூர்களில் இன்று அது நடக்கிறது. விருந்தினர் காலையில் எழுந்து தெருவில் நடந்துதான் சாப்பிடப் போக வேண்டும். வழியில் ஊர்க்காரர்களின் முகத்தில் விழிக்க வேண்டும். புள்ளிகளாகப் பிரிந்து கிடக்கும் செட்டிநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்க முடியாது. ஆறு பங்காளிகளும் சம்மதித்து வீட்டின் ஒரு பகுதியை மட்டும் தரலாம். வரும் வாடகையில் ஓடு மாற்றலாம். சாவிக்கொத்து வைத்திருக்கும் அம்மாவுக்கு மாதச் சம்பளம் கொடுக்கலாம். படைப்பறையைத் தொட வேண்டியதில்லை.

இந்தச் சமூகத்துக்கு விடுதி நடத்தக் கற்றுத்தர வேண்டியதும் இல்லை. காசியில், இராமேசுவரத்தில், பழனியில், போன இடமெல்லாம் சத்திரமும் விடுதியும் கட்டியவர்கள் நகரத்தார். வழிப்போக்கனுக்கு இடமும் சோறும் தருவதை அறமாகச் செய்தவர்கள். அங்கே தங்கியவன் அது யாருடைய அறம், எந்த ஊரார் வைத்தது என்பதை அறிந்து தங்கினான். இன்றைய விடுதி வாங்குவது வாடகை, அது தவறில்லை. ஆனால் யாருடைய வீட்டில், யாருடைய உழைப்பில் தங்குகிறோம் என்பதை விருந்தினருக்கு உணர்த்தும் பொறுப்பு சத்திரத்துக்கு இருந்தது போலவே இதற்கும் இருக்கிறது.

அழகிய சிற்றூர்களைத் தேடிப் போகிறவர்கள் பெருகிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் தரும் பணம் எந்த விடுதிக்குப் போகிறது என்பதே வரும் ஆண்டுகளில் இந்த வீடுகளின் தலைவிதியைத் தீர்மானிக்கும். ஆகவே அறை பதிவு செய்யும் முன் மூன்று கேள்வி கேட்கலாம். இந்தத் தூண் இங்கேயே நின்றதா, வேறு எங்கிருந்தாவது வந்ததா? சமைப்பவரும் சுவர் பூசியவரும் இந்த ஊர்க்காரர்களா? வீட்டுக்காரர்கள் இன்னும் இங்கே கும்பிட வருகிறார்களா? தயங்காமல் பதில் சொல்லும் விடுதி எதுவோ, செட்டிநாட்டை நேசிக்கிறவர்கள் அங்கே தங்க வேண்டும். வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், குளியலறை சற்றுச் சிறியதாக இருந்தாலும்.